பாதிச் சம்பளம் கேட்ட மனேஜர்

1. இளநீர்

என் சம்பளத்தைப் பாதியாகக் குறையுங்கள் என்று நான் கேட்டதும் உப்பள முதலாளி ஹாஜியார் முதலில் செய்த காரியம், ஏசியைக் கூட்டியதுதான். எனக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்தார். பிறகு ஓர் இளநீர் வரவழைத்தார். நான் அதைக் குடித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப செல்லுங்க மனேஜர். என்ன கேட்டீங்க?" அவர் வாயில் 'சொல்' எப்போதும் 'செல்'தான், 'இருக்கு' எப்போதும் 'ஈக்கு'தான்.

"கிழமையில மூண்டு நாள் மட்டும் வேலைக்கு வாறன், ஹாஜியார். சம்பளமும் பாதி போதும்."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எவன் கூப்புட்டான்? கற்பிட்டியானா, பாலாவியானா? எவ்வளவு தாறானாம்?"

பக்கத்து ஊர்களின் உப்பளக்காரர் ஒருவரும் கூப்பிடவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. அடுத்த மாதம் என் சம்பளம் கூடியிருந்தது.

உப்பளங்களில் புதிதாகச் சேரும் மனேஜர்மாருக்காக இதை எழுதுகிறேன். ஆகவே தொழிலையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் உப்பளம் புத்தளம் களப்பின், அதாவது கடலேரியின், ஓரத்தில் இருந்தது. களப்புத் தண்ணீரைப் பம்ப் பண்ணிப் பாத்திகளில் விட வேண்டும். வெயில் அதைக் காய்ச்சும். தண்ணீர் தடிப்பேறத் தடிப்பேற ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்ற வேண்டும். ஹைட்ரோமீட்டர் என்ற கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பது மனேஜரின் வேலை. இருபத்தைந்து டிகிரி வந்தால் கடைசிப் பாத்தி. அங்கேதான் உப்பு விளையும். விளைந்த உப்பைப் பெண்கள் வாரிக் கூடையில் சுமந்து மேட்டில் கொட்டுவார்கள். மழை வருமுன் வார வேண்டும். தொழில் இவ்வளவுதான். மற்றதெல்லாம் மனிதர்களோடு மல்லுக்கட்டுவது.

நான் யாழ்ப்பாணத்துக்காரன், பொறியியல் படித்தவன். சண்டைக் காலத்தில் மனைவி புஷ்பத்தோடு புத்தளத்துக்கு வந்து இந்த வேலையில் சேர்ந்தேன். சண்டை முடிந்து பாதை திறந்ததும், விட்டு வந்த வீட்டைப் பார்க்க இருவரும் போனோம். ஒரு சுவரும் கிணறும் மிஞ்சியிருந்தன. அந்த வீட்டில் விட்ட அலுமாரியை நினைத்து நான் வருஷக்கணக்காக ஏங்கியிருக்கிறேன். சுவரடியில் நின்று யோசித்தால், அந்த அலுமாரிக்குள் என்ன இருந்தது என்று ஞாபகம் வரவில்லை.

புஷ்பத்தைக் கேட்டேன்.

"உங்கட கிழிஞ்ச பெனியனுகள்" என்றாள்.

திரும்பும் வழி முழுவதும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கிழிந்த பெனியன்களுக்காகவா இத்தனை காலம் அழுதேன்? புத்தளத்து வீட்டில் இப்போது எத்தனை அலுமாரிகள்? எலுவன்குளம் தாண்டும்போது முடிவெடுத்துவிட்டேன். இனிக் குறைவாக உழைப்பது, குறைவாகச் செலவழிப்பது, பூமிக்குப் பாரமில்லாமல் வாழ்வது.

அந்த முடிவில் இன்றைக்கும் எனக்குப் பிழை தெரியவில்லை. பிழை முழுவதும் செய்த விதத்தில்.

2. இரண்டாவது முயற்சியும் மூன்றாவதும்

இரண்டாம் முறை கேட்டபோது ஹாஜியார் இளநீர் தரவில்லை. மேசை மீது ஒரு சாவியை வைத்தார். டபுள் கெப் வாகனத்தின் சாவி.

"மனேஜர், ஒங்கட மனசு எனக்கு வெளங்கிச்சு. மோட்டார் சைக்கிள்ல வெயில்ல திரியிறது கஷ்டம்தான். எடுத்துட்டுப் போங்க. பாலாவியான் இது தர மாட்டான்."

"ஹாஜியார், நான் மோட்டார் சைக்கிளையும் விக்கப் போறன். சைக்கிள் ஒண்டு போதும்."

"அப்ப ட்ரைவரும் வேணும்?"

அந்த மாதமும் சம்பளம் கூடியது. குறைத்து வாழப் புறப்பட்ட என்னிடம் இப்போது பழையதைவிடப் பெரிய சம்பளமும் ஒரு டபுள் கெப்பும் இருந்தன. புஷ்பத்துக்கு என் கொள்கை மிகவும் பிடித்துப்போனது.

"இன்னும் ஒருக்கா போய்க் கேளுங்கோவன்" என்றாள். "வீடு ஒண்டும் தருவார் போலக் கிடக்கு."

மூன்றாம் முறை அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். சாட்சி இருந்தால் நம்புவார் என்று எண்ணினேன். ஹாஜியார் என்னை விட்டுவிட்டு நேராக அவளைக் கேட்டார்.

"தங்கச்சி, உண்மையச் செல்லுங்க. இவருக்கு வேற எடத்துல வேல கெடச்சீக்கா?"

"இல்லை ஹாஜியார்."

"மவுத்தாகுற நோய் ஏதும் ஈக்கா?"

"இல்லை. விசர்தான் ஹாஜியார்" என்று தலையைத் தொட்டுப் பைத்தியம் என்று காட்டினாள்.

ஹாஜியாரின் முகம் மலர்ந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"அல்ஹம்துலில்லாஹ்! விசர்னா பரவால்ல. நான் பாலாவியான்ட போறாரெண்டு பயந்தீந்தேன்."

அப்படியாகச் சம்பளம் பாதியானது. கூட்டிய சம்பளத்தில் பாதி என்று நான் கணக்குப் பார்த்திருந்தேன். அவர் வியாபாரி. பழைய சம்பளத்தில் பாதி என்று பார்த்தார். டபுள் கெப்பின் சாவியையும் கையோடு வாங்கிக்கொண்டார். வீடு வரும்வரை புஷ்பம் என்னோடு பேசவில்லை. நடந்து வந்தோம், பேசாமல் நடப்பதற்குத் தூரம் கொஞ்சம் அதிகம்.

3. என் எளிமை இருந்த இடம்

அடுத்ததாக வீட்டில் கை வைத்தேன். குளிர்சாதனப் பெட்டியை விற்றேன். தொலைக்காட்சியை விற்றேன். பேப்பர் போடுபவனை நிறுத்தினேன். மோட்டார் சைக்கிளும் போனது. மாதக் கடைசியில் கரண்ட் பில்லைப் பார்த்து, படத்துக்குப் போடுவதுபோல் சட்டம் போட்டு மாட்டலாமா என்று யோசித்தேன்.

வாங்கிய மீனைக் கெடாமல் வைப்பது மட்டும் ஒரு பிரச்சினையாக இருந்தது. எங்கள் ஒழுங்கையில் அடுத்த வீடு ஸரீனா தாத்தாவுடையது. இந்தப் பக்கத்து முஸ்லிம் மக்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். எங்கள் உப்பளத்துப் பெண்களுக்கு அவர்தான் தலைவி. புருஷன் இல்லை. ஒரே மகள் ஹஸ்னா, பல்கலைக்கழகத்துக்கு முந்திய உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். தவணை முறையில் வாங்கிய சின்னக் குளிர்சாதனப் பெட்டி ஒன்று அங்கே இருந்தது.

"தாத்தா, ரெண்டு சூடை மீன் வச்சிட்டுப் போகலாமோ?"

"அதுக்கென்ன சேர், வைங்க."

சூடையில் தொடங்கியது. பிறகு பாரை. பிறகு புஷ்பத்தின் தயிர்ச் சட்டி. கிரிக்கெட் மேட்ச் உள்ள நாட்களில் நான் அங்கே போய்க் கதிரை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். பேப்பரைச் சந்திச் சலூனில் வாசித்தேன். மழை நாட்களில் யாராவது ஒருவனின் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டேன். அந்த நாட்களில் என்னைப் பற்றி எனக்கு இருந்த மரியாதை அபாரமானது. மனிதன் வாழ எவ்வளவு கொஞ்சம் போதும் என்று ஸரீனா தாத்தாவின் கதிரையில் இருந்து, ஸரீனா தாத்தாவின் பேனடியில், ஸரீனா தாத்தாவுக்கே விளக்குவேன்.

"ஓம் சேர்" என்பார் அவர். "கொஞ்சம் தள்ளி இரிங்க. கூட்டணும்."

4. டொல்ஃபின்

ஒரு நாள் ஹாஜியார் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். முற்றத்தில் சீமெந்தில் செய்த ஆளுயர டொல்ஃபின் ஒன்று வாலில் நின்றுகொண்டிருந்தது. கற்பிட்டிக் கடலில் டொல்ஃபின் பார்க்க வெள்ளைக்காரர் வரத் தொடங்கிய காலம் அது. எங்கு பார்த்தாலும் டொல்ஃபின் படம். ஆனால் வீட்டு முற்றத்தில் வைத்தவர் ஹாஜியார் ஒருவர்தான். அதன் வாயிலிருந்து தண்ணீர் பாய வேண்டும், அது பாயவில்லை. இதற்குத்தான் என் படிப்பு தேவைப்பட்டது.

உப்பளத்தில் மேலதிகமாக இருந்த பம்ப் ஒன்றைக் கொண்டுவந்து பூட்டினேன். குழாயின் வளைவைச் சரி செய்தேன். ஸ்விட்சைப் போட்டதும் டொல்ஃபின் ஒரு முறை இருமிவிட்டு, ஹாஜியாரின் தலைக்கு மேலால் தண்ணீரைத் துப்பியது. அவர் குழந்தைபோல் கை தட்டினார்.

"நாள் முழுக்க ஓடணும் மனேஜர். நிப்பாட்டவே கூடா."

"செலவு நிறைய வந்திருக்குமே, ஹாஜியார்?"

"எனக்கென்ன செலவு? இது ஒங்கட பரக்கத்துதானே, ஒங்களால வந்த அருள்!" என்று என் முதுகில் தட்டினார். "நீங்க மாசாமாசம் விட்டுட்டுப் போற பாதி சும்மா கெடந்திச்சு. பொஞ்சாதி செல்லிச்சு, ஊட்டு முத்தம் வெறுமையா ஈக்கின்னு."

நான் சிரித்தேன். உண்மையைச் சொல்கிறேன், அதில் எனக்கு ஏதும் உறைக்கவில்லை. பூமிக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று நான் விட்ட காசு, அந்த வறண்ட ஊரில் பகல் முழுவதும் நல்ல தண்ணீரைத் துப்பிக்கொண்டிருந்தது. அதைப் பூட்டிய கையும் என்னுடையதே. நான் குளிர்சாதனப் பெட்டியை விற்று மிச்சம் பிடித்த கரண்டை அந்தப் பம்ப் ஒரு காலை நேரத்திலேயே விழுங்கியிருக்கும். இவ்வளவும் தெரிந்த எஞ்சினியர் நான். தண்ணீர் எவ்வளவு உயரம் பாய்கிறது என்று பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

5. நான் சொன்ன ஒரு வசனம்

இனி எழுதப்போவதை எழுதத்தான் இத்தனையும் எழுதினேன்.

உப்பளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. உப்பு வாரத் தொடங்குவதற்கு முன் பெண்கள் ஹாஜியாரிடம் போய் அந்த வருஷக் கூடைக் கூலியைப் பேசி முடிப்பார்கள். மனேஜர் பக்கத்தில் நின்று, பெண்கள் கேட்பது நியாயம் என்று மெல்ல ஒரு வார்த்தை சொல்வார். ஹாஜியார் கத்துவார், பிறகு கொடுப்பார். இது வருஷா வருஷம் நடக்கும் நாடகம். அந்த வருஷம் பேசப் போன நாள், எனக்கு வேலையில்லாத மூன்று நாட்களில் ஒன்றாக அமைந்துவிட்டது. நான் வீட்டில் வெண்டிக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தேன்.

சில நாள் கழித்துப் பின்னேரம் மீன் எடுக்கப் போனேன். ஹஸ்னா கதவைத் திறந்தாள். அந்த நேரத்தில் அவள் புத்தளம் டவுனில் டியூஷன் வகுப்பில் இருக்க வேண்டியவள்.

"கிளாஸ் இல்லையோ பிள்ளை?"

"நிப்பாட்டியாச்சு சேர். பஸ்ஸுக்கும் பீஸுக்கும் உம்மாவுக்குச் சரி வரல்ல."

நான் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து என் பாரை மீனை எடுத்தேன். எடுத்துக்கொண்டே சொன்னேன்:

"நல்லதுதான் பிள்ளை. வீட்டில இருந்தே படிக்கலாம். செலவு குறைவு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பெட்டியின் கதவைச் சாத்தினாள். மெதுவாகத்தான் சாத்தினாள். மெதுவாகச் சாத்திய அந்தக் கதவு என் காதில் இன்னும் கேட்கிறது.

6. அரைக்கூடை

மறு கிழமை நான் வேலைக்குப் போன நாளில் உப்பு வாருதல் நடந்துகொண்டிருந்தது. களப்புப் பக்கம் வானம் இருண்டு வந்தது. எல்லாக் கடைசிப் பாத்திகளிலும் உப்பு விளைந்து கிடந்தது. ஒரு மழை பெய்தால் அத்தனையும் தண்ணீர். வரம்பில் பெண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். நடையில் ஏதோ வித்தியாசம். கல்யாண வீட்டுக்குச் சீர்த்தட்டுக் கொண்டுபோவதுபோல நிதானமாக வந்தார்கள். கிட்ட வந்ததும் பார்த்தேன். ஒவ்வொரு கூடையிலும் பாதிதான் உப்பு.

பாத்திகளைப் பார்த்தேன். ஒவ்வொரு பாத்தியிலும் நடுவில் கோடு இழுத்து, ஒரு பக்கம் மட்டும் வாரியிருந்தார்கள். மறு பக்கம் வெள்ளையாக அப்படியே கிடந்தது.

ஹாஜியார் குடையை மடக்கி அதை வாள்போல் பிடித்துக்கொண்டு வரம்பில் ஓடிக்கொண்டிருந்தார்.

"என்னடி இது? அரைக்கூடை என்னத்துக்கு? மழை வருது, கண்ணு தெரியலையா?"

ஸரீனா தாத்தா தலையில் கூடையோடு நின்றார்.

"தெரியுது ஹாஜியார். நாங்க கொஞ்சமா ஒழச்சு, கொஞ்சமா வாழப் போறம்."

"யாரு செல்லித் தந்தது இந்தக் கதைய?"

"நீங்கதான். கூலி கூட்டிக் கேட்டு வந்தப்ப என்ன செல்லினீங்க? 'படிச்ச மனேஜரே பாதிக்கு வேல செய்றாரு, ஒங்களுக்கு என்னடி வந்திச்சு' எண்டு செல்லினீங்களா இல்லையா? சரி, நாங்களும் யோசிச்சுப் பாத்தம். மனேஜர் சேர் அரைக் கிழம. நாங்க அரைக்கூடை."

பின்னால் நின்ற ஒருத்தி சொன்னாள்: "பூமிக்கும் பாரம் கொறயும், ஹாஜியார். எங்கட கழுத்துக்கும்."

வரிசை முழுவதும் சிரித்தது. ஹாஜியார் என் பக்கம் திரும்பினார்.

"மனேஜர், செல்லுங்க இவளுகளுக்கு!"

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றாக விளங்கியது. கூலி கூடாததற்குக் காரணம் நான். டியூஷன் நின்றதற்குக் காரணம் நான். அந்த வீட்டில் மீனை வைத்து எடுத்து, அந்தப் பிள்ளைக்குச் சிக்கனம் படிப்பித்தவனும் நான். எனக்குப் பாதி போதும் என்றால், போதுமான அளவு முன்பே எனக்கு இருந்தது. அவர்களுக்கு முழுதும் போதாமல் இருந்தது. இரண்டும் ஒரே கணக்கு என்று ஹாஜியார் நினைத்ததில் அதிசயமில்லை. படித்த நானே அப்படித்தானே பேசிக்கொண்டு திரிந்தேன்.

"தாத்தா, நான் என்ன செய்ய வேணும்?" என்று கேட்டேன்.

"இந்த வரம்பிலேயே நிண்டு முழுச் சம்பளம் கேளுங்க. எங்களுக்குக் கேக்கக் கேளுங்க."

கேட்டேன். சம்பளத்தைக் குறைக்கச் சொல்லி மூன்று முறை கேட்டவன், இப்போது அத்தனை பேர் முன்னிலையில் சம்பளத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்டேன்.

ஹாஜியார் அசந்து போனார். "வெறுஞ் சைக்கிள்ல போறேனெண்டு நீங்கதானே செல்லினீங்க?"

"ஓம் ஹாஜியார், அது பிழை. எனக்கு முழுதும் வேணும்."

"ஏன்?"

"உங்கட முற்றத்துக்கு ஒரு டொல்ஃபின் போதும், ஹாஜியார்."

ஒரு பெரிய துளி அவருடைய வழுக்கையில் விழுந்தது. அவர் அதைத் துடைத்துப் பார்த்தார். பிறகு வாரப்படாமல் கிடந்த பாதிப் பாத்திகளைப் பார்த்தார்.

"தாறேன்! மனேஜருக்கும் தாறேன், ஒங்களுக்கும் தாறேன்! கேட்ட கூலிய தாறேன்! அள்ளுங்கடி!"

பெண்கள் ஓடினார்கள். நானும் சேர்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கூடை சுமந்தேன். என் கூடை அரைக்கூடைதான்; அதற்கு மேல் தூக்க முடியவில்லை. அதைப் பார்த்து அவர்கள் சிரித்த சிரிப்பை நான் முழுமையாகச் சம்பாதித்திருந்தேன். ஹாஜியார் குடையைக் கீழே எறிந்துவிட்டு மேட்டில் குவித்த உப்பைத் தென்னங்கிடுகு போட்டு மூடினார். ஓரத்துப் பாத்திகள் சில கரைந்து போயின. மற்றது தப்பியது.

7. ஒரு கதிரையில் இரண்டு பேர்

கூலி கூடியது. ஹஸ்னா மறுபடி வகுப்புக்குப் போனாள். இடையில் விட்ட பாடங்களை நான் சொல்லித் தருவதாகக் கேட்டுப் பார்த்தேன். "வேணாம் சேர், நான் பாத்துக்குவேன்" என்றாள். அது அவளுடைய உரிமை. அந்த முறை பரீட்சையில் கணிதம் அவளுக்குச் சரிவரவில்லை. அடுத்த முறை எழுதித்தான் தேறினாள். அவளுக்குப் போன அந்த ஒரு வருஷத்தை என்னால் எந்தச் சிக்கனத்தாலும் ஈடு செய்ய முடியவில்லை.

எனக்கோ முழுச் சம்பளத்தில் இருக்க மனம் வரவில்லை. அடுத்த வருஷம் ஹாஜியாரிடம் மீண்டும் போனேன். என்னைக் கண்டதும் அவர் இளநீருக்கு ஆள் அனுப்பினார்.

"இந்த முறை விசர் இல்லை, ஹாஜியார். நான் மூண்டு நாள் வேலை செய்யிறன். மற்ற மூண்டு நாளும் என்ர கதிரையில ஸரீனா தாத்தா இருக்கட்டும். டிகிரி பார்க்கப் பழக்கி விடுறன். நான் விடுற பாதி அவவுக்குப் போகட்டும். உங்களுக்கு ஒரு சதமும் மிஞ்சக் கூடாது."

"ஒரு கதிரைல ரெண்டு பேரா?"

"ஒரே நேரத்தில இல்லை, ஹாஜியார்."

நான் விடும் பாதியை யாரோ ஒருவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதுதான் அவருக்குப் பெரிய கஷ்டம். இல்லாவிட்டால் பெண்கள் மறுபடி அரைக்கூடை தூக்குவார்கள் என்று நினைவூட்டினேன். சம்மதித்தார்.

ஸரீனா தாத்தா முதல் மாதத்திலேயே இரண்டு ஹைட்ரோமீட்டர்களை உடைத்தார். மூன்றாவதை உடைத்தது நான். அதையும் அவர் கணக்கில் எழுதப் பார்த்து மாட்டிக்கொண்டேன். போகப் போகப் பழகிவிட்டார். என்னுடைய நாள் முடிந்த பிறகும் நான் ஒஃபிஸில் சுற்றிக்கொண்டு நின்றால், "ஒங்கட பாதி முடிஞ்சிச்சு சேர், ஊட்டுக்குப் போங்க" என்று வெளியே அனுப்பிவிடுவார். வீட்டில் நாங்கள் சின்னதாக ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்கினோம். தேவையான பொருளை வாங்காமல் அடுத்த வீட்டில் பாவிப்பதற்கு எளிமை என்று பெயரில்லை என்று புஷ்பம் சொன்னாள்.

குறைவாக உழைத்து, குறைவாக வாழ நினைக்கும் இளம் மனேஜர்மாருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். தாராளமாகக் குறையுங்கள். நல்ல காரியம். ஆனால் நீங்கள் விடும் பாதி யாருடைய கைக்குப் போகிறது என்று பார்த்துவிட்டுக் குறையுங்கள். உங்களைக் காட்டி யாருடைய வாயை அடைக்கப் போகிறார்கள் என்றும் பாருங்கள். முழுதாக ஒரு நாளும் கிடைக்காத ஒருவரிடம் போய்ப் பாதியின் பெருமையைப் பேசாதீர்கள். முக்கியமாக, அவர் வீட்டு மீனை வைத்துக்கொண்டு, அல்ல, அவர் வீட்டில் உங்கள் மீனை வைத்துக்கொண்டு பேசாதீர்கள்.

நான் ஓய்வு பெற்ற நாளில் ஹாஜியார் பிரியாணி போட்டு, என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். பரிசு பிறகு வீட்டுக்கு வரும் என்றார். மறுநாள் ட்ரக்டர் ஒன்றில் நான்கு பேர் பிடித்துக்கொள்ள வந்து இறங்கியது, அந்த டொல்ஃபின். பம்ப் எப்போதோ உப்பளத்துக்குத் திரும்பிவிட்டது. வாய் மட்டும் திறந்தபடி இருந்தது.

இன்று எங்கள் வீட்டில் தேவையில்லாத பொருள் என்று தேடினால் அது ஒன்றுதான். புஷ்பம் என் பெனியன்களைத் தோய்த்து அதன் மூக்கில் காயப்போடுகிறாள். அதை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிப் பலர் சொல்லிவிட்டார்கள். மனம் வரவில்லை. என் பாதிச் சம்பளம் அல்லவா.